கண்ணு மஞ்சளாயிட்டா பித்தப்பைக் கல்லு வேற கதை: இ.ஆர்.சி.பி. ஏன், கீஹோல் ஏன்

தங்கச்சி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். அம்மாவுக்கு 56 வயசு, இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கு, ரொம்ப வருஷம் தோட்டத்துல ரப்பர் பால் மரம் வெட்டுனவங்க, இப்ப நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடையில சமையலுக்கு நிக்கிறாங்க. ஆறு மாசமா ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா மேல் வயித்து வலி, காஸ்ட்ரிக்னு நெனச்சு வெள்ளை மருந்து குடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, போன வாரம் கண்ணு மஞ்சளாச்சு, ஸ்கேன்ல பித்தப்பையில நெறைய கல்லு, பித்தக்குழாயிலயும் ஒண்ணு இருக்கற மாதிரி தெரியுதுன்னு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அங்க மொதல்ல இ.ஆர்.சி.பி. (வாய் வழியா கேமரா குழாய் விட்டு பித்தக்குழாய்க் கல்ல எடுக்குறது), அதுக்கப்புறம் லேப்ராஸ்கோப்பியில, அதாவது சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு செய்யற கீஹோல் ஆபரேஷன்ல, பித்தப்பைய எடுக்கணும்னு சொல்றாங்க. உங்க மாமா கத்தி வைக்காதீங்க, கல்லக் கரைக்க மருந்து இருக்குங்கிறாரு. நீங்க கேக்குறது ஏன் ரெண்டு வேலை, கீஹோல நம்பலாமா, பைய எடுத்துட்டா அம்மா பழையபடி சாப்பிட முடியுமா.

நான் 27 வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல சிஸ்டரா இருந்தவ, இப்ப பென்ஷன்ல இருக்கேன். பொறந்தது வளந்தது எல்லாம் உங்க பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்லதான். நான் டாக்டர் இல்ல, ஆனா இந்த ஆபரேஷன டேபிள் பக்கத்துல நின்னு எத்தனையோ தடவ பாத்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. அம்மாவுக்கு இப்ப காய்ச்சல் இல்லன்னு எழுதியிருக்கீங்க, நல்லது. ஆனா இ.ஆர்.சி.பி. தேதி வர்ற வரைக்கும் வீட்ல இருக்கப்போ குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தாலோ, பேச்சு தடுமாறுனாலோ, ஆள் மயக்கமா இருந்தாலோ, தேதி பாக்காதீங்க, காலையில போலாம்னு உக்காராதீங்க, 999 கூப்பிடுங்க இல்ல நேரா எமர்ஜென்சிக்கு கொண்டு போயிருங்க. மஞ்சள், வலி, நடுக்கத்தோட காய்ச்சல் மூணும் சேந்தா அது பித்தக்குழாய்ல கிருமி புகுந்ததுக்கு அடையாளம். ஷார்கோன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1877லயே இந்த மூணையும் ஒண்ணா சேத்து எழுதி வச்சிட்டாரு, இன்னிக்கும் டாக்டருங்க மொதல்ல கேக்குறது அதத்தான். அடைச்ச குழாய்க்குள்ள சீழ் தேங்கினா அது ரத்தத்துல கலந்து ஒரே ராத்திரியில ஆள சாச்சிடும், இனிப்பு நீர் இருக்கறவங்களுக்கு இன்னும் வேகமா. சில வயசானவங்களுக்கு, இனிப்பு நீர்காரங்களுக்கு வலியே பெருசா தெரியாது, அதனால வலி இல்லையேன்னு சும்மா இருந்துடாதீங்க.

இப்ப ஏன் ரெண்டு வேலைன்னு சொல்றேன். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர் வரைக்கும் பித்தநீர் சுரக்குது, அது ஒரு குழாய் வழியா சிறுகுடலுக்கு இறங்குது. அந்தக் குழாய்க்குப் பக்கத்துல ஒரு சின்ன கிளைக்குழாய்ல தொங்குறதுதான் பித்தப்பை, 30லேர்ந்து 50 மில்லி பிடிக்கும், அவ்ளோதான். நம்ம தோட்டத்துல பெரிய பைப்லேர்ந்து லயத்துக்கு தண்ணி வர்றப்ப நடுவுல ஒரு சின்ன டாங்கி வச்சிருப்பாங்கல்ல, அது மாதிரி வச்சுக்குங்க. டாங்கிக்குள்ள கல்லு கெடந்தா டாங்கிக்குதான் தொல்லை, நெய்யும் தேங்காப்பாலும் போட்டு ஒரு வேளை நல்லா சாப்பிட்டதும் பை சுருங்கும், கல்லு வாய்ல வந்து அடைக்கும், வலது விலா எலும்புக்குக் கீழ பிடிச்சு இழுக்கும், முதுகுல தோள்பட்டை வரைக்கும் ஏறும், அரை மணி நேரமோ நாலு மணி நேரமோ இருந்துட்டு கல்லு வழிவிட்டதும் நின்னுடும். உங்கம்மா ஆறு மாசமா பட்டது அதுதான், காஸ்ட்ரிக் இல்ல. (நெஞ்சுக்கு நடுவுல வலி, வேர்வை, மூச்சு வாங்குறதுன்னு வந்தா இது பித்தப்பைன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, மொதல்ல ஈசிஜி எடுக்கணும்.)

அந்தக் கல்லு டாங்கிய விட்டு வெளிய வந்து மெயின் பைப்புல விழுந்துட்டா கதையே மாறிடுது. மெயின் பைப்பு சாதாரணமா 6 மில்லிமீட்டர் அகலம்தான். அது அடைச்சா பித்தநீர் இறங்க வழியில்லாம ரத்தத்துல ஏறுது, கண்ணு மஞ்சளாகுது, மூத்திரம் தே ஓ (பால் இல்லாத தேத்தண்ணி) கலர்ல போகுது, மலம் களிமண்ணு மாதிரி வெளுத்துடுது, உடம்பெல்லாம் அரிப்பு. குழாயோட கடைசி முனை கணையத்தோட குழாயும் சேர்ற எடம், அங்க போயி கல்லு சிக்குனா கணையம் வீங்கிடும், அது ரொம்ப மோசமான வலி. பித்தப்பையில கல்லு இருக்கறவங்க நூறு பேர்ல பத்துப் பதினைஞ்சு பேருக்கு குழாய்லயும் கல்லு இருக்கும். அதனால பைய மட்டும் எடுத்துட்டு குழாய்ல கல்ல விட்டா அடைப்பு அப்படியே நிக்கும், குழாய மட்டும் சுத்தம் பண்ணிட்டு பைய விட்டா இன்னொரு கல்லு இறங்கும். ரெண்டு எடத்துல கோளாறு, அதான் ரெண்டு வேலை.

இ.ஆர்.சி.பி.ன்னா வயித்துல கத்தி கிடையாது. தூக்க மருந்து குடுத்து வாய் வழியா வளையற கேமரா குழாய சிறுகுடல் ஆரம்பம் வரைக்கும் விடுவாங்க, பித்தக்குழாய் வந்து திறக்குற எடத்துல ஒரு சின்ன மொட்டு மாதிரி இருக்கும், அது வழியா மருந்து விட்டு எக்ஸ்ரேல பாத்து, அந்த வாசல கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, பலூனோ கம்பிக்கூடையோ விட்டு கல்ல இழுத்து குடலுக்குள்ள தள்ளிடுவாங்க. 1974லேர்ந்து இந்த முறை இருக்கு, ஜெர்மனியிலயும் ஜப்பான்லயும் ஒரே சமயத்துல ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி இதே கல்லுக்கு வயித்த முழுசா திறந்து குழாய வெட்டி எடுக்கணும். இதுலயும் ஆபத்து இல்லாம இல்ல, மறைக்க மாட்டேன், நூறு பேருக்கு செஞ்சா மூணுலேர்ந்து பத்து பேருக்குள்ள கணையம் வீங்குற பிரச்சன வரும், பெரும்பாலும் ரெண்டு மூணு நாள் வார்டுல ட்ரிப் போட்டா சரியாயிடும், எப்பவாவது மோசமாகவும் போகும். அதக் குறைக்கத்தான் ஆசனவாய் வழியா ஒரு மருந்து வைப்பாங்க, அம்மா கூச்சப்படுவாங்க, எதுக்குன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

ஸ்டென்ட் (பித்தக்குழாய் அடைக்காம இருக்க உள்ள வைக்கிற சின்னக் குழாய்) பத்தி நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லாம விட முடியாது. கல்லு பெருசா இருந்து ஒரே தடவையில வரலன்னா குழாய்க்குள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வச்சு அனுப்புவாங்க, பித்தநீர் அது வழியா இறங்கும், மஞ்சள் போயிடும், வலி போயிடும், சோறு இறங்கும், எல்லாரும் குணமாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. ஆனா அந்த பிளாஸ்டிக் குழாய் மூணு மாசத்துக்குள்ள எடுக்கவோ மாத்தவோ வேண்டியது, விட்டா அதுவே அடைச்சு கிருமி பிடிச்சிடும். எங்க லயத்து அண்ணன் ஒருத்தரு, செம்பனை குலை வெட்டுறவரு, ஸ்டென்ட் வச்சுட்டு தேதிய தொலைச்சுட்டாரு, ஆஸ்பத்திரியிலேர்ந்தும் யாரும் கூப்பிடல, ரெண்டு வருஷம் கழிச்சு நடுங்கிக்கிட்டே லோரியில கொண்டு வந்து எறக்குனாங்க. பொழச்சுக்கிட்டாரு, ஆனா ஐசியூல பன்னெண்டு நாள். இன்னமும் அத நெனச்சா எனக்கு மனசு ஆறல, ஒரே ஒரு ஃபோன் கால்ல தடுத்திருக்கலாம். அம்மாவுக்கு ஸ்டென்ட் வச்சா டிஸ்சார்ஜ் ஆகறப்பவே எடுக்குற தேதிய எழுதி வாங்குங்க, உங்க கைபேசியில போடுங்க, அண்ணன் தம்பி கைபேசியிலயும் போடுங்க, காலண்டர்லயும் வட்டம் போடுங்க.

சில எடத்துல ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல முடிப்பாங்க, லேப்ராஸ்கோப்பி செய்யறப்பவே மெல்லிசான கேமராவ பித்தக்குழாய்க்குள்ள விட்டு கல்ல எடுத்துடுவாங்க. அதுக்கு கருவியும் வேணும், பழகின கையும் வேணும். உங்களுக்கு ரெண்டு கட்டமா சொல்றாங்கன்னா தப்பா நெனைக்காதீங்க, அதுதான் அதிகமா செய்யற முறை. கேக்க வேண்டியது என்னன்னா இ.ஆர்.சி.பி.க்கும் அடுத்த ஆபரேஷனுக்கும் எவ்ளோ நாள் இடைவெளிங்கறது. முடிஞ்சா அதே அட்மிஷன்ல, இல்லன்னா ரெண்டு வாரத்துக்குள்ள செஞ்சுட்டா நல்லது, இழுத்துக்கிட்டே போனா நடுவுல இன்னொரு கல்லு இறங்கி மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அரசாங்க ஆஸ்பத்திரியில வரிசை நீளம்னு எனக்குத் தெரியும், ஆனாலும் மரியாதையா கேளுங்க, தேதி தள்ளிப் போனா யாருக்கு ஃபோன் பண்ணணும்னு கேளுங்க, இடையில வலி வந்தா எழுதி வச்சு காட்டுங்க, அதுக்குத் தகுந்தாப்புல முன்னால எடுப்பாங்க.

மாமா விஷயத்துக்கு வர்றேன், அவரு அக்கறையிலதான் சொல்றாரு. நம்ம ஊர்ல கல்லுன்னா எல்லாம் ஒரே கல்லுன்னு நெனப்பு. மூத்திரக் கல்லு வேற, தண்ணி நெறைய குடிச்சா சின்னதெல்லாம் தானா வெளிய வந்துடும். பித்தப்பைக் கல்லு முக்கால்வாசி கொழுப்புல ஆனது, பார்லி தண்ணியும் வாழத்தண்டும் எவ்ளோ குடிச்சாலும் அந்தப் பை பக்கமே போகாது. கீழாநெல்லி மஞ்சக்காமாலைக்கு நம்ம பாட்டிங்க காலத்துலேர்ந்து குடுக்குறது, ஆனா அம்மாவுக்கு வந்திருக்கறது கிருமியில வந்த காமாலை இல்ல, கல்லு அடைச்சு வந்த காமாலை, அடைப்ப எந்தச் சாறும் தள்ளாது. ஆப்பிள் ஜூசும் ஆலிவ் எண்ணெயும் குடிச்சு பச்சை பச்சையா உருண்டை வெளிய வந்துச்சுன்னு படம் எல்லாம் அனுப்புவாங்க, அது அந்த எண்ணெயே குடல்ல சோப்பு மாதிரி கட்டியானது, கல்லு இல்ல. கரைக்குற மாத்திரை நெசமாவே ஒண்ணு இருக்கு, உர்சோடியாக்ஸிகோலிக் ஆசிட், ஆனா அது சின்ன கொழுப்புக் கல்லுக்கு மட்டும், பை நல்லா வேலை செய்யணும், மாசக்கணக்குல சில பேருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் சாப்பிடணும், நிறுத்துனா பல பேருக்கு திரும்ப வந்துடும். குழாய் அடைச்சு மஞ்சளாயி நிக்கிறவங்களுக்கு அது வழியே இல்ல.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு பத்து வருஷமா கல்லு இருக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கேட்டிருக்கீங்க. அது உண்மைதான், வலியே இல்லாம வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்து கல்லு தெரிஞ்சா பெரும்பாலும் அப்படியே விட்டுடுவாங்க, வருஷத்துக்கு நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் தொல்லை ஆரம்பிக்கும். அந்த ஆச்சிக்கு ஆபரேஷன் வேணாம்னு சொல்றதும் சரி, உங்கம்மாவுக்கு வேணும்னு சொல்றதும் சரி.

கல்ல மட்டும் எடுத்துட்டு பைய விட்டா என்னன்னும் கேட்டீங்க. 1882ல பெர்லின்ல லாங்கன்புக்னு ஒரு சர்ஜன் மொத மொதல்ல பித்தப்பைய எடுத்தப்ப அவரு சொன்ன காரணம் இதுதான், பையில கல்லு இருக்குன்னு எடுக்கல, பை கல்ல உண்டாக்குதுன்னு எடுக்குறேன்னாரு. அது இன்னிக்கும் மாறல. அதுக்கப்புறம் நூறு வருஷம் விலாவுக்குக் கீழ ஒரு சாண் வெட்டுதான், நான் வேலைக்கு சேந்த புதுசுல அந்த வெட்டோட வர்றவங்க ஒரு வாரம் இருமக்கூட முடியாம கெடப்பாங்க. 1985ல ஜெர்மனியில எரிக் முயேங்கிறவரு கேமரா விட்டு செஞ்சு காட்டுனாரு, அவரு ஊர் டாக்டருங்களே மொதல்ல ஏத்துக்கல, 1987ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல ஃபிலிப் மூரே செஞ்சதுக்கப்புறம்தான் அஞ்சாறு வருஷத்துல உலகம் பூரா பரவிடுச்சு.

தியேட்டர்ல என்ன நடக்கும்னா, முழு மயக்கம் குடுத்து, தொப்புள் பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு கார்பன் டைஆக்சைட் காத்து நிரப்பி வயித்த கூடாரம் மாதிரி தூக்குவாங்க, கேமரா உள்ள போகும், மேல் வயித்துல இன்னும் மூணு ஓட்டை, மொத்தம் நாலுல ரெண்டு 10 மில்லிமீட்டர் ரெண்டு 5 மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க. பையோட கழுத்துல ஒரு சின்ன குழாயும் ஒரு சின்ன ரத்தக்குழாயும் வரும், அந்த ரெண்டுக்கும் கிளிப் போட்டு வெட்டி, பைய கல்லீரல்லேர்ந்து உரிச்சு, ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு ஓட்டை வழியா இழுத்துடுவாங்க. சுலபமான கேஸ் ஒரு மணி நேரத்துல முடியும். கிளிப் பெரும்பாலும் டைட்டேனியம், உள்ளயே இருக்கும், பின்னாடி எம்ஆர்ஐ எடுக்க தடை இல்ல.

உண்மையா பயப்பட வேண்டிய எடம் அந்தக் கழுத்துதான். சின்ன குழாய்னு நெனச்சு மெயின் பைப்ப வெட்டிட்டா பெரிய சேதம், ஆயிரம் பேர்ல மூணு நாலு பேருக்கு அப்படி ஆகுதுன்னு கணக்கு, திறந்து செய்யறத விட கொஞ்சம் கூடத்தான். அதுக்காகவே ஸ்ட்ராஸ்பர்க்ங்கிற அமெரிக்க சர்ஜன் 1995ல ஒரு விதி வச்சாரு: கழுத்த சுத்தி இருக்கற கொழுப்ப எல்லாம் நீக்கணும், பையோட கீழ் பாகத்த கல்லீரல்லேர்ந்து பிரிச்சுப் பாக்கணும், பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டுதான்னு கண்ணால பாக்கணும், அதுக்கப்புறம்தான் கிளிப். நான் வேலை செஞ்ச நல்ல சர்ஜன் ஒருத்தரு இந்த எடத்துல வந்ததும் கைய நிறுத்திடுவாரு, ஸ்க்ரீன பாத்து எங்க எல்லார்கிட்டயும் "ரெண்டுதானே தெரியுது?"ன்னு கேப்பாரு, ட்ரெய்னி டாக்டர்லேர்ந்து என் வரைக்கும் பதில் சொல்லணும். ஒரு தடவ அந்தக் கேள்விக்கு யாரும் உறுதியா பதில் சொல்லல, வீக்கத்துல எல்லாம் ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு, அவரு ஒரு வார்த்த பேசாம கத்திய கேட்டாரு, வயித்த திறந்து செஞ்சாரு. வெளிய சொந்தக்காரங்க கோவப்பட்டாங்க, கீஹோல்னு சொல்லிட்டு ஏன் கிழிச்சீங்கன்னு. அன்னிக்கு அந்த அம்மாவோட பித்தக்குழாய காப்பாத்துனதே அந்தக் கிழிப்புதான். ஒப்புதல் பாரத்துல 'தேவைப்பட்டா திறந்து செய்வோம்'னு இருக்கும், அத பயந்துக்கிட்டே கையெழுத்து போடாதீங்க, அது அம்மாவுக்குப் பாதுகாப்பு. பாரம் மலாய்ல இருக்கும், அம்மாவுக்கு ஒவ்வொரு வரியையும் தமிழ்ல சொல்லச் சொல்லி கேளுங்க, தமிழ் தெரிஞ்ச மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தராவது வார்டுல இருப்பாங்க. அப்படியும் குழாய்ல சேதம் ஆனா அத சரி பண்றதுக்குன்னே பழகுன கல்லீரல் பித்தக்குழாய் நிபுணருங்க இருக்காங்க, நம்ம நாட்டுல செலாயாங் ஆஸ்பத்திரி அதுக்குப் பேர் போனது.

அட்மிஷனுக்கு முன்னாடி அம்மா சாப்பிடுற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, ஆஸ்பிரின், ரத்தத்த நீர்க்க வைக்கிற மாத்திரை, இனிப்பு நீர் மாத்திரை, மாமா குடுத்த லேகியம் உட்பட. எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா தொடரவும் வேணாம், எத எப்ப நிறுத்தணும்னு அவங்க சொல்லட்டும், சில இனிப்பு நீர் மாத்திரைய மூணு நாலு நாளைக்கு முன்னாடியே நிறுத்தணும்.

செலவுக்கு கடன் வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க, வேணாம். அரசாங்க ஆஸ்பத்திரியில நிபுணர் பாக்க 5 வெள்ளி (ரிங்கிட்), மூணாம் கிளாஸ் வார்டுல ஆபரேஷனும் குடும்பம் தாங்குற செலவுதான். பிரைவேட்ல பத்தாயிரத்த தாண்டிடும், இன்சூரன்ஸ் இல்லாதவங்க நகைய அடகு வைக்கிறத நான் பாத்திருக்கேன், இதுக்கு அது தேவையில்ல.

முடிஞ்சதும் மறுநாளோ அதுக்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வலது தோள்பட்டை வலிக்கும், அம்மா பயந்துடுவாங்க, அது உள்ள விட்ட காத்து உதரவிதானத்த உறுத்துறதால வர்றது, ரெண்டு மூணு நாள்ல போயிடும், எழுந்து நடந்தா சீக்கிரம் போகும். மொத நாள விட ரெண்டாம் நாள் வலி குறையணும், மூணாம் நாள் இன்னும் குறையணும். நடுவுல வலி ஏறுனாலோ, வயிறு உப்பி காய்ச்சல் வந்தாலோ, மறுபடி கண்ணு மஞ்சளானாலோ திரும்பப் போங்க, பித்தநீர் கசியுதான்னு பாக்கணும். இதுக்கு தயங்கவே கூடாது.

சாப்பாடு பத்தி கவல வேணாம். பை இல்லன்னா பித்தநீர் இல்லன்னு அர்த்தமில்ல, கல்லீரல் சுரந்துக்கிட்டேதான் இருக்கும், சேத்து வச்சு ஊத்தாம சொட்டுச் சொட்டா நேரா குடலுக்குப் போகும். சில பேருக்கு சில வாரம் மலம் இளகலா போகும், மொத மாசம் எண்ணெய்ய குறைச்சு சோறு, ரசம், மீன், காய்னு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டா உடம்பு பழகிடும். அதுக்கப்புறம் நாசி லெமாக்கும் (தேங்காப்பால் சோறு) சாப்பிடலாம், இனிப்பு நீருக்கு எவ்ளோ அளவோ அவ்ளோ.

வேலைதான் நான் யோசிக்கிறது. ஓட்டை சின்னதா இருக்கறதால எல்லாரும் ஒரு வாரத்துல ஆள் சரின்னு நெனச்சுடுறாங்க. நடமாட்டத்துக்கு சரிதான், ஆனா சாப்பாட்டுக் கடை வேலைன்னா சோத்துப் பானை, அரிசி மூட்டை, தண்ணி வாளி. தொப்புள் ஓட்டை உள்பக்கம் இறுக நாலஞ்சு வாரம் ஆகும், அதுக்குள்ள பாரம் தூக்குனா அங்க குடல் பிதுங்கி இன்னொரு ஆபரேஷன் வரும். எம்சி (மருத்துவ லீவு சீட்டு) எழுதறப்பவே அம்மா என்ன வேலைன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, வெறும் சமையல்னு சொல்லாதீங்க, எத்தன கிலோ பானை தூக்குறாங்கன்னு சொல்லுங்க, 'பாரம் தூக்கக் கூடாது'ன்னு தனியா ஒரு கடிதம் கேட்டு வாங்கி முதலாளி கையில குடுங்க. அந்த ஒரு மாசம் பானைய எறக்க வேற ஒரு பையன் நிக்கட்டும், அம்மா உப்பு காரம் பாக்கட்டும்.